சுண்ணாம்பு வெள்ளை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் குட்டியும் அத்தானும் சுகம்தானே? எனக்கு இருமலைத் தவிர எல்லாம் சுகம். சலவைக்கூடத்துச் சோடா நெடி தொண்டையிலேயே குடியிருக்கிறது.

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரந்தர வேலைக்கு இந்த முறையும் என்னை எடுக்கவில்லை. நீ தைத்து அனுப்பிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நேர்முகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரித் துணியோடு துணியாக அதையும் வெளுத்து இஸ்திரி போட்டிருந்தேன். சட்டை பளிச்சென்று இருந்தது, ஆள்தான் கசங்கிப் போயிருந்தேன். நிர்வாக அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நல்ல கேண்டிடேட்தான், அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். போன தடவையும் இதையேதான் சொன்னார்.

நிரந்தரமானால்தான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இரண்டு அறை, வாசலில் குழாய். அங்கே அக்காவும் குழந்தையும் வந்து தங்க விடுவார்களா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். விடுவார்கள். எதற்குக் கேட்டாய் என்றுதான் புரியவில்லை. லீவுக்கு வரப் போகிறாயா? இப்போது நான் இருப்பது நாலு ஆண்கள் கால் மேல் கால் படப் படுக்கும் அறை. இங்கே உன்னைக் கூப்பிட முடியாது.

குட்டிக்கு என் முத்தம்.

உன் தம்பி


பிப்ரவரி 24

அன்புத் தம்பி ஒட்டடைக்குச்சிக்கு,

நாங்கள் நலம். இருமலுக்கு வெந்நீரையாவது குடி. நீயாகக் குடிக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. தானாகச் சரியாகிவிடும்.

வேலை கிடைக்கவில்லை என்று படித்ததும் கொஞ்ச நேரம் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்காக மட்டும் இல்லை. சரி, அதை விடு. உன் கடிதத்தை அத்தானும் படித்தார். "உன் தம்பி ஆயுசுக்கும் கேண்டிடேட்தான்" என்று ஒரே சிரிப்பு. அவரும் இப்போது கேண்டிடேட்தான், தலைமை ஆசிரியர் பதவிக்கு. அந்தச் சிரிப்பில் அது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறார். அந்த நேரத்தில் குட்டி பென்சிலைக் கீழே போட்டாலும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

எல்லாரும் சொல்கிறீர்களே, அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? வேலை கேட்கிறவனும் கேண்டிடேட், ஓட்டுக் கேட்கிறவனும் கேண்டிடேட் என்றால் எப்படி? நீதான் லைப்ரரிக்குப் போகிறவன், பார்த்து எழுது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? குளியலறையில் பாசி பிடித்திருந்தால் அத்தானிடம் சொல்லித் தேய்க்கச் சொல். நான் வெந்நீர் குடிக்கிறேன், சத்தியமாக.

நீ கேட்டாய் என்று லைப்ரரியில் பெரிய அகராதியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பரீட்சை எழுதுகிறவன், வேலை கேட்கிறவன், பதவிக்கு நிற்கிறவன் எல்லாரும் கேண்டிடேட்தானாம். எதையோ அடைய வேண்டும், இன்னும் அடையவில்லை, அவ்வளவுதான் தகுதி. எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கும் சொல்வார்கள். போன வாரம் வார்டுக்குத் துணி கொண்டுபோனபோது ஒரு டாக்டர், "இவர் ஆபரேஷனுக்கு ஏத்த கேண்டிடேட் இல்லை" என்றார். கட்டிலில் இருந்தவர் ஏதோ வேலையில் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து, "பரவாயில்லைங்க, நான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்றார். எங்கள் அறையில் மூக்கைச் சிந்தாமல் சாப்பிட உட்காருகிறவனையும் "சரியான கேண்டிடேட்டுடா நீ" என்றுதான் திட்டுகிறோம்.

இதைவிட ஒரு வேடிக்கை. அந்த வார்த்தைக்கு மூலத்தில் வெள்ளை உடுத்தியவன் என்று அர்த்தமாம். பழைய ரோமாபுரியில் பதவி கேட்டு வருகிறவர்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு வீதியில் வருவார்களாம். அது போதாதென்று, இன்னும் பளிச்சென்று தெரிவதற்கு மேலே சுண்ணாம்புத் தூளைத் தேய்த்துக்கொள்வார்களாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுக்கை வெளுக்காமல் மேலே வெள்ளை பூசுவதை எங்கள் கூடத்தில் யாராவது செய்தால் நீராவிப் பாய்லரைக் கவனிக்கும் பாய்லர்காரர் காதைத் திருகிவிடுவார்.

அத்தானுக்குப் பதவி கிடைத்ததும் எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. மணிக்கட்டு சரியாகிவிட்டது.

அத்தானுக்குப் பதவி கிடைக்கவில்லை. அவரைவிட வயதில் சின்னவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அலமாரிக் கதவு என் கண்ணுக்குக் கீழே இடித்துவிட்டது. அடுத்த நாள் குட்டியின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள், பவுடரை அப்பிக்கொண்டு போனேன். நீ எழுதிய ரோமாபுரிக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். டீச்சர், "இன்னைக்கு ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கீங்களே" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

இனிமேல் கடிதத்தை எதிர்வீட்டு டெய்லர் அக்காவின் முகவரிக்குப் போடு. அவள் துணி அளவெடுக்கிற சாக்கில் என்னிடம் கொடுத்துவிடுவாள். போன் பண்ணாதே. நான் பேசும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

குவார்ட்டர்ஸுக்கு வேறு வழியே இல்லையா? யாரையாவது போய்ப் பார்த்தால் கிடைக்காதா? லீவுக்கு இல்லை தம்பி. இதற்கு மேல் எழுத வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அலமாரிக் கதவு என்று எழுதியிருக்கிறாய். நானும் அலமாரிக் கதவு என்றே வைத்துக்கொள்கிறேன், நேரில் வந்து சொல். உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். குட்டியைத் தனியாக விடாதே.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள். யாரையாவது போய்ப் பார் என்றாயே, நான் போவதற்குள் நிர்வாக அதிகாரியே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஜூன் மாதம் எங்கள் ஊழியர் சங்கத்தில் செயலாளர் தேர்தல். வருஷா வருஷம் ஜெயிப்பவர் பாய்லர்காரர். நிரந்தரம், தற்காலிகம் என்று பார்க்காமல் எல்லாருக்காகவும் சண்டைக்குப் போகிறவர். சலவைக்கூடம், சமையல்கட்டு, துப்புரவு என்று தற்காலிக ஆட்கள் ஓட்டெல்லாம் அவருக்குத்தான் விழும். அவரை எதிர்த்து ஸ்டோர்கீப்பர் நிற்கிறார், அவர் நிர்வாகத்துக்கு வேண்டியவர். மூன்றாவதாக நான் நிற்க வேண்டுமாம். நான் ஜெயிக்க வேண்டியதில்லை. நின்றால் போதும். தேர்தல் முடிந்த கையோடு நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் சாவி இரண்டும் என் கையில்.

நின்றுவிட்டேன். மனுவில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஏன் என்று மட்டும் கேட்காதே. கொஞ்சம் கொஞ்சமாகத் துணிமணியை எடுத்துக் கட்டு.

உன் தம்பி


மே 4

அன்புத் தம்பிக்கு,

நானும் குட்டியும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிகிறது. பாய்லர்காரர்தானே போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் தாங்கி வார்டுக்குக் கொண்டுபோனவர்? அவர்தான் இவரா, வேறு ஆளா என்று தெரியவில்லை. வேறு ஆளாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாவமோ புண்ணியமோ, எனக்கு அந்த அறை வேண்டும். இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். குட்டியின் இரண்டு கவுனும் என் இரண்டு புடவையும் டெய்லர் அக்கா கடையில் தைக்கக் கொடுத்த துணியோடு கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் கொண்டுபோனேன். ஜூன் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அதற்கு மேல் முடியாது.

அக்கா


மே 27

அக்கா,

சுகமா என்று கேட்கக்கூடத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். எல்லாம் தலைகீழாகிவிட்டது.

அதே பாய்லர்காரர்தான். வேறு ஆள் இல்லை. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. தற்காலிக ஆட்களின் ஓட்டை நான் பிரித்துவிட்டால் அவர் தோற்றுப்போவார், ஸ்டோர்கீப்பர் வந்துவிடுவார். அதற்காகத்தான் என்னை நிறுத்தினார்கள். நேற்று வாபஸ் வாங்கக் கடைசி நாள். சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் கூட்டம். பாய்லர்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்றார். "தற்காலிகமா இருக்கிறவங்கள்லேர்ந்தே ஒருத்தன் துணிஞ்சு நிக்கிறான். இத்தனை வருஷமா நான் இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்? அவனை எதிர்த்து நான் நின்னா நம்ம ஓட்டு ரெண்டாப் போயிடும். நான் வாபஸ் வாங்கிட்டேன். என் ஓட்டும் அவனுக்குத்தான்" என்றார். கூட்டத்தில் ஒரே கைதட்டல். அவர் இறங்கி வந்து என் தோளில் கை போட்டு, "என்னப்பா, வாயடைச்சுப் போயிட்டே" என்றார்.

இன்றைக்குக் காலையில் நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. "நீயும் வாபஸ் வாங்க முடியாது. தோத்துக் காட்டு. ஜெயிச்சா குவார்ட்டர்ஸும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார்.

தோற்பதற்குத்தான் அலைகிறேன் அக்கா. சமையல்கட்டுக்குப் போய், "எனக்கு ஓட்டுப் போடாதீங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். பாத்திரம் துலக்கும் அம்மா, "இப்படி அடக்கமா ஓட்டுக் கேக்கிற கேண்டிடேட்டை நான் பார்த்ததே இல்லை" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுதும் வரை கிளம்பாதே. கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை. வேறு என்ன எழுதுவது?

உன் தம்பி


ஜூன் 17

அக்கா,

பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா? டெய்லர் அக்கா ஊரில் இல்லையா? ஒரு வரி போடு. இரண்டு தடவை போன் பண்ணினேன். அத்தான் எடுத்து, ஒன்றும் நடக்காதது போன்ற குரலில், "உங்க அக்கா தூங்குறா" என்றார். இரண்டு தடவையும் பகலில்தான் பண்ணினேன்.

நான் ஜெயித்துவிட்டேன். கூடத்து ஆட்கள் என்னை மூட்டை போலத் தூக்கி, துணி தள்ளும் வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்தார்கள். நான் அழுதேன், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நிர்வாக அதிகாரி மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள்.

உன்னிடம் சாவி என்று சொன்னேன். என்னிடம் சாவி இல்லை அக்கா. நான் உருப்படாதவன். பதில் போடு.

உன் தம்பி


ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

குட்டி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா? இருமல் போய்விட்டதா?

அம்மா கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நாங்கள் இப்போது டெய்லர் பெரியம்மா வீட்டில் இருக்கிறோம். அப்பா சாயங்காலம் வாசலில் வந்து நின்று நல்ல குரலில் கூப்பிடுகிறார். பெரியம்மா கத்தரிக்கோலோடு வெளியே போய்ப் பேசுகிறாள்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. அம்மா அழுதாள். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னாள்.

கதவு இடித்துக் கை ஒடிந்தது என்று எழுதச் சொன்னாள். கதவு இல்லை மாமா. இதை மட்டும் அம்மா சொல்லாமல் நானே எழுதினேன்.

குட்டி


ஜூலை 8

அக்காவுக்கும் குட்டிக்கும்,

கடிதம் வேலை நேரத்தில் வந்தது. துணி துவைக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். படித்து முடித்தபோது துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. பாய்லர்காரர் பார்த்துவிட்டார். கடிதத்தை வாங்கிப் படித்தார். குட்டியின் கடைசி வரியை இரண்டாம் தடவையும் படித்தார்.

அவர் நிரந்தர ஆள். குவார்ட்டர்ஸில் அவரும் அவர் வீட்டம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். பின் அறை சும்மா கிடக்கிறது. "வரச் சொல்லுப்பா. அது என் அறை, என் வீட்டுக்கு யார் வரலாம்னு அதிகாரி சொல்ல முடியாது" என்றார்.

அக்கா, உடனே வா. நானே வந்து அழைத்துக்கொண்டு போகிறேன். நான் எதற்காகத் தேர்தலில் நின்றேன் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்தால் அறை போய்விடும். பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். கை வலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

இடது கையால் நானே எழுதுகிறேன். மெதுவாகப் படி.

வலி குறைந்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறோம். நீ வர வேண்டாம், லீவு போட்டால் செப்டம்பர் வரை இருக்கிற வேலையும் போகும். டெய்லர் அக்கா எங்களைக் கொண்டுவந்து விடுகிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். வழுக்கி விழுந்தேன் என்று உனக்கு எழுதினேன், கதவு இடித்தது என்று எழுதினேன், டீச்சரிடம் பவுடரைக் காட்டிச் சிரித்தேன். கடைசியில் என் பெண்ணை உட்கார வைத்து அவள் கையாலேயே பொய் எழுதச் சொன்னேன். அவள் அதற்குக் கீழேயே உண்மையை எழுதிவிட்டு, பிறகு என்னிடமும் சொல்லிவிட்டாள். அதோடு என்னிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது தம்பி. நீ சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டாய், நான் பவுடரைத் தேய்த்துக்கொண்டேன். இன்னொரு வீட்டில் போய் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பூசிக்கொள்ள என்னால் ஆகாது.

உன்மேல் கோபம் இல்லை. எனக்காகத்தான் செய்தாய், அந்த அறை வேண்டும் என்று நானும்தான் கேட்டேன். அவரிடம் சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் வந்து இறங்கியதும் நான் சொல்லிவிடுவேன். அறை இல்லை என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுப்போம். இங்கே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

குட்டி உனக்கு முத்தம் தருகிறாள்.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? என் இருமல் அப்படியே இருக்கிறது, நான் சாகவில்லை.

சொல்லிவிட்டேன். கடிதம் கிடைத்த அன்றைக்கே சொல்லாமல் ஒரு நாள் தள்ளிப் போட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். பாய்லர் அறைக்குப் போய், அதிகாரி கூப்பிட்டது, உட்காரச் சொன்னது, சாவி தருகிறேன் என்றது, நான் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அழுத்தம் காட்டும் ஸ்டீம் கேஜைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் முடித்ததும், "பிரஷர் இறங்குது, தள்ளி நில்லு" என்றார். எப்போதும் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தள்ளுகிறவர் அன்றைக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன். சட்டை மாட்டும் ஆணியில் ஒரு சாவி தொங்கியது. பின் அறைச் சாவி. கையில் எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேசுவாரா என்றும் தெரியாது. சங்கத்துக் கூட்டத்தில் மட்டும், "செயலாளர் எழுந்து பேசட்டும்" என்று பொதுவாகச் சொன்னார். எழுந்தேன். ஒப்பந்தம் முடியும் ஆட்களைப் பற்றிப் பேசினேன். அதில் நானும் ஒருவன் என்பதால் வார்த்தை தானாக வந்தது.

நேற்று அறையைக் கூட்டிக் கழுவினேன். சின்ன அறை. ஜன்னல் பக்கம் குட்டிக்குப் படிக்க இடம் இருக்கிறது. சுவரெல்லாம் பாய்லர் கரி. நீ வருவதற்குள் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று வாங்கக்கூடப் போனேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன். கரியாகவே இருக்கட்டும்.

ஸ்டேஷனில் நிற்பேன். ஒரு வேளை கூட்டத்தில் தெரியாமல் போனால் வெள்ளைச் சட்டையைத் தேடாதே, வேலைக்குப் போடும் நீலச் சட்டையில்தான் வருவேன். நீயும் பவுடர் போட வேண்டாம் அக்கா. அப்படியே வா.

உன் தம்பி